ஐந்தாம் அத்தியாயம்: பின் ஆசனத்துப் பாரம்

"1934ஆம் வருடம் பெப்ரவரி மாதம் மூன்றாந் திகதி சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக் கராஜிலிருந்து புறப்பட்ட கறுப்பு டூரிங் காரில் இருந்தவர்களும், அவர்கள் இருந்த இடங்களும்:

முன் ஆசனம், வலப்புறம், காரை ஓட்டியவர்: கராஜ் சொந்தக்காரர் திரு. விவேகானந்தன்.

முன் ஆசனம், இடப்புறம்: காரை வாங்க வந்த அக்குறணைப் புடைவை வியாபாரி ஜனாப் ஸெய்னுலாப்தீன்.

பின் ஆசனம், இடப்புறம்: அரிசிக்கடை ஹுஸைன் ஹாஜியார்.

பின் ஆசனம், நடு: கையொப்பமிடும் நான்.

பின் ஆசனம், வலப்புறம்: பேக்கரி மஹ்மூத்.

காரில் ஏறாமல் கராஜ் வாசலில் நின்றவர்: என் உதவியாளர் பஹ்மி.

கார் அக்குறணை வரை சென்று திரும்பியது. போகையிலும் வருகையிலும் பின் அச்சிலோ, எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் ஷாஃப்டிலோ யாதொரு சத்தமும் நடுக்கமும் இருக்கவில்லை. என் மடியில் வைத்திருந்த தகரப் பேணித் தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. இது சத்தியம். க. நவரட்ணராஜா, கண்டி."

நவரட்ணராஜா இந்தக் கடிதத்தின் நகலைப் படித்து முடித்து மேசையில் வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்தார். எழுதியவர் அவரேதான். கண்டியில், கொழும்புத் தெருப் புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் இருந்துகொண்டு, காணாமற் போன காணி உறுதி, களவு போன நகை, கள்ளக் கையெழுத்து என்று ஏழு வருடமாகத் துப்புத் துலக்கி வருபவர். யார் எங்கே இருந்தார் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார். அவர் எழுதிய காகிதத்தை இதுவரை ஒருவரும் புரட்டிப் பார்த்துச் சந்தேகப்பட்டதில்லை.

அந்தக் காகிதந்தான் இப்போது ஒரு மனிதனை மறியற்சாலைக்கு அனுப்பப் பார்த்தது.

"நாளைக்குக் கோட்டுல ஒங்க காயிதத்தத்தான் வாசிக்கப் போறாங்களாம் அய்யா," என்றாள் எதிரே நின்ற பாப்பம்மா. மடுல்கெல்லத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. "வண்டி நல்ல வண்டி, ஓட்டுன எம் புருசந்தான் கெட்டவன்னு அதுல இருக்காம்."

"அப்பிடி நான் எழுதேல்லைப் பிள்ளை."

"எழுதலதாங்க. ஆனா அப்பிடித்தான வாசிக்கிறாங்க."

நவரட்ணராஜா நகலைக் கவிழ்த்து வைத்தார்.

நடந்தது இதுதான். ஸெய்னுலாப்தீன் முதலாளி, கராஜ்காரர் கேட்டு எழுதி வாங்கிய அந்தக் கடிதத்தை நம்பிக் காரை வாங்கி, கட்டுகஸ்தோட்டைக்கும் மடுல்கெல்லவுக்கும் இடையே வாடகைக்கு விட்டார். பாப்பம்மாவின் கணவன் பழனியாண்டி அதற்கு டிரைவர். வாங்கிப் பதினோராம் நாள், மலைப்பாதை வளைவொன்றில், ஷாஃப்ட் முறிந்து ஒரு முனை கீழே விழுந்து தெருவில் குத்தியது. கார் எகிறித் தேயிலைக்குள் புரண்டது. முன் ஆசனத்தில் வந்த தோட்டத்துக் கிளாக்கருக்குத் தோள்பட்டை முறிந்தது. பழனியாண்டிக்கு இரண்டு காலும். பின் ஆசனத்தில் இரண்டு மூட்டைகள் கிடந்தன. முதலாளிக்குத் தெரியாமல் சாமான் ஏற்றி, பாரம் தாங்காத காரை விரட்டி ஓட்டினான் என்று பொலிசார் வழக்கு வைத்தார்கள். தீர்ப்பு எதிராகப் போனால் சிறை, லைசன்ஸும் போய்விடும்.

"அந்த மூட்டையில என்ன?" என்று கேட்டார் நவரட்ணராஜா.

"கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாருங்க. எங்கிட்ட எதையும் மறைக்காத மனுசன்."

மூலையில் நின்ற பஹ்மி தொண்டையைச் செருமினான். அக்குறணைக்காரன், மூன்று பிள்ளைத் தகப்பன். முன்பு பஸ் கொண்டக்டராக இருந்தவன். வாய் சும்மா கிடக்காததால் அந்த வேலை போயிற்று, அதே வாய்க்காக இந்த வேலை கிடைத்தது.

"பொஞ்சாதிக்கிட்ட மறைச்சா ஒண்டு நகை, இல்லாட்டி வேற பொஞ்சாதி. ரெண்டையும் சாக்குல கட்ட ஏலாது," என்றான். "வாங்க ஐயா, போய்ப் பார்ப்பம்."

*

உடைந்த காரைக் கண்டிக்கு இழுத்து வந்து பொலிஸ் முற்றத்தில் போட்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரரான ராலஹாமியோடு பஹ்மி சிங்களத்தில் இரண்டு பகிடி விட்டான்; மூன்றாவதில் கேற் திறந்தது.

மூட்டைகள் இரண்டும் காரின் பக்கத்திலேயே இருந்தன. வாய் தைத்தபடி. "அரிசி," என்றார் ராலஹாமி. பொலிஸ் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

"அவிழ்த்துப் பார்த்தனீங்களோ?"

சாக்கில் அரிசி இல்லாமல் வேறென்ன இருக்கும் என்பதுபோல ராலஹாமி சிரித்தார்.

பஹ்மி இடுப்பிலிருந்து குத்தூசியை எடுத்தான். அரிசி வியாபாரிகள் மூட்டையைப் பிரிக்காமலே ஒரு பிடி உருவிப் பார்க்கும் குழல் ஊசி அது. ஒரே குத்து. உருவி, உள்ளங்கையில் கொட்டினான்.

மணல். மகாவலி ஆற்று மணல், மினுமினுவென்று.

"நாட்டரிசியா, சம்பாவா என்டு ராலஹாமிக்கிட்டயே கேட்போமா?" என்றான் பஹ்மி. அடுத்த மூட்டையையும் குத்தினான். அதிலும் அதுவே.

நவரட்ணராஜா குனிந்து தையலைப் பார்த்தார். சணல் கயிறில்லை. மெழுகு போட்ட கறுப்பு நூல். பல்லாலே கடித்தாலும் அறாத நூல். அதில் ஒரு துண்டை வெட்டி, ஒரு சிட்டிகை மணலோடு கடித உறைக்குள் போட்டுக்கொண்டார்.

"களவாய்ச் சாமான் ஏத்திறவன் ஆற்று மணலையோ தம்பி ஏத்துவான்?"

"மடுல்கெல்லவில மணலுக்கென்ன பஞ்சம் ஐயா? இவன் மணலை விக்க ஏத்தல்ல. மணல் தேவைப்பட்டு ஏத்தீக்கான்."

முறிந்த ஷாஃப்டுக்குப் புதுக் கறுப்புப் பூச்சு மை பூசியிருந்தது. பஹ்மி நகத்தால் சுரண்டினான். மைக்குக் கீழே, சம்மட்டி விழுந்த பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. எப்போதோ வளைந்த தண்டை நெருப்பில் காய்ச்சி, அடித்து நிமிர்த்தியிருந்தார்கள்.

"இது ஒங்கட கூட்டாளிட கராஜ் வேலையா?" என்று பஹ்மி மெதுவாகக் கேட்டான்.

"இருக்காது," என்றார் நவரட்ணராஜா சட்டென்று. "முந்தி வச்சிருந்தவன் செய்திருப்பான். விவேகானந்தனுக்குத் தெரியாமல் போயிருக்கும்."

விவேகானந்தனும் அவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒரே ரயிலில் கண்டிக்கு வந்து, ஒரே அறையில் ஆறு வருடம் ஒரு பாயை மாறி மாறி விரித்தவர்கள். பஹ்மி நகத்திலிருந்த மையைச் சட்டையில் துடைத்தான்.

*

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பழனியாண்டி இரண்டு காலையும் பலகையில் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். உறையிலிருந்து ஒரு சிட்டிகை மணலை நவரட்ணராஜா அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மொதலாளிகிட்ட சொல்லாதீங்க அய்யா. வண்டில கொறை இருக்குன்னு தெரிஞ்சா வித்துப்புடுவாரு. எனக்கு வேலை போயிரும்."

"என்ன குறை?"

"ரெண்டாம் நாளே ஆரம்பிச்சிருச்சுங்க. தனியா ஓட்டிக்கிட்டுப் போனா, பின்னால தேன்கூட்டக் கலைச்ச மாதிரி ஒரு இரைச்சல். அப்பறம் சீட்டு, கதவு, எம் பல்லு, எல்லாம் நடுங்கும். ஆனா பின்னால நாலு பேரு ஏறுனா அம்புட்டும் நின்னுரும். எறங்குனா மறுபடியும் வரும்."

"பேய் பிடிச்ச கார்தான், கூட்டத்தைக் கண்டு பயப்படுது," என்றான் பஹ்மி.

"பேயில்லீங்க. பாரம் ஏறுனா பின்னாடி ஸ்பிரிங்கு அமுங்கும், ஷாஃப்டு நேரா வந்துரும், ஆட்டம் நிக்கும்னு சொன்னாரு."

"ஆர் சொன்னது?"

"கராஜ் அய்யாதாங்க. தங்கமான மனுசன். மூணாம் நாள் போயி நின்னேன். வாயத் தொறந்து முழுசாக்கூடச் சொல்லல. 'பின்னுக்கு ரெண்டு மணல் மூட்டை போடு, அடங்கியிரும், மொதலாளிக்குச் சொல்லித் தொந்தரவு குடுக்காத'ன்னு, மூலைல தயாரா இருந்த ரெண்டு மூட்டையத் தூக்கிக் குடுத்தாரு. சத்தம் நின்னுச்சு. நான் சரியாப் போச்சுன்னுதான் நெனச்சேன்."

சத்தம் நின்றது. ஷாஃப்டில் விழுந்திருந்த வெடிப்பு நிற்கவில்லை. தினமும் மலை ஏறி இறங்கி, ஒருவருக்கும் கேட்காமல், அது வளர்ந்திருக்கிறது.

"தயாராய் இருந்ததோ? வாய் தைச்சபடியோ?"

"ஆமாங்க. தைச்சு வெச்சிருந்துச்சு."

வெளியே விறாந்தையில் நவரட்ணராஜா வேகமாக நடந்தார். "கராஜ் எண்டால் ஆயிரம் மூட்டை கிடக்கும். டிரைவர் வந்து முறையிட்டபிறகு விவேகானந்தன் ஒரு கைவைத்தியம் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். மூண்டாந் திகதி நாங்கள் ஓடிப் பார்க்கேக்க அவனுக்கு ஒண்டும் தெரியாது. நேரே போய்க் கேப்பம். நாளைக்கு அவனே வந்து சாட்சி சொல்லுவான், இந்த மனுசன் தப்புவான்."

"இன்ஷா அல்லாஹ்," என்றான் பஹ்மி. அவன் அதைச் சொன்ன விதத்தில் நம்பிக்கை மிச்சமில்லை.

*

கட்டுகஸ்தோட்டை பஸ் ஒரு பழைய தகரப் பெட்டி. சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு ஆணியும் தன் பாட்டுக்குக் கடகடத்துக்கொண்டிருந்தது. நவரட்ணராஜா பின்பக்கத்தால் ஏறிக் கடைசி வாங்கில் இருந்தார். பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, முனகி, அடங்கியது.

"பார்த்தீங்களா?" என்றான் பஹ்மி. "ஐயா குந்தினதும் பஸ்ஸிட கடகடப்பு நின்டு போச்சு. ஒங்களுக்கு டிக்கட் கேக்கிறது அநியாயம். டிரைவர்தான் ஒங்களுக்கு சம்பளம் தரோணும்."

முன்னால் இருந்த இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். நவரட்ணராஜாவும் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது.

சட்டைப் பையிலிருந்து கடித நகலை எடுத்து விரித்தார். முதல் ஏழு வரிகளுக்கு மேல் படிக்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு உம்மை ஏன் காரில ஏத்தேல்லை?"

"அதையா இப்ப கேக்கிறீங்க? நான் மூணு கிழமையா மனசுக்குள்ள கறுவிக்கிட்டீக்கிறேன். இடமில்லையாம்! நான் என்ன யானையா? முன்னுக்கு மொதலாளிக்குப் பக்கத்துல ஒரு குடையைச் செருகுற இடத்துல இருந்திருப்பேன்."

"ஹுஸைன் ஹாஜியார் முன்னுக்கு இருக்கக் கேட்டவர் எல்லே?"

"ஓ. முழங்கால் நோவு, மடக்க ஏலாது என்டு கெஞ்சினார். ஒங்கட கூட்டாளி விடல்ல. 'வாங்கிற ஆளுக்கு முன் சீட், அதுதான் மரியாதை' என்டு மொதலாளியை முன்னுக்கு வச்சார். பின்னுக்கு ஹாஜியார், பேக்கரி மஹ்மூத் நாநா, நடுவுல நீங்க. கட்டுகஸ்தோட்டையில தேடித் தேடிப் பொறுக்கினாலும் இந்த மூணு பேரைவிட..."

பஹ்மியின் வாய் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தானே மூடிக்கொண்டது.

பஸ் குழியொன்றில் விழுந்து எழும்பியது. சத்தமே வரவில்லை.

"சொல்லும் தம்பி."

"வேணாம் ஐயா."

"அப்ப நான் சொல்லிறன்," என்றார் நவரட்ணராஜா. "அண்டைக்கு நான் சாட்சியாய்ப் போகேல்லை. மூட்டையாய்ப் போனனான்."

*

விவேகானந்தன் ஒரு காரின் அடியிலிருந்து முதுகால் ஊர்ந்து வெளியே வந்தார். சிரித்த முகம். கையைத் துடைத்துக்கொண்டே, "டேய் ராசா! தேத்தண்ணி குடிக்கிறியே?" என்றார்.

"மூண்டாந் திகதி என்னை ஏன் மச்சான் பின்னுக்கு நடுவில இருத்தினனி?"

"இதென்ன கேள்வி? மரியாதைக்குத்தான்."

"மரியாதை முன் ஆசனம் எண்டு முதலாளிக்குச் சொன்னனி."

விவேகானந்தனின் கையிலிருந்த துணி நின்றது. பஹ்மி இதற்குள் குஷன் தைக்கும் மேசைக்குப் போயிருந்தான். அங்கிருந்த நூற்கட்டையை எடுத்து, உறையிலிருந்த துண்டைப் பக்கத்தில் பிடித்தான். அதே மெழுகு, அதே கறுப்பு.

"மணலுக்குக் கூட நல்ல நூலாத்தான் பாவிச்சீக்கிறீங்க," என்றான்.

கராஜுக்கு வெளியே மகாவலி ஓடும் சத்தம் கேட்டது.

"புது ஷாஃப்ட் கொழும்பிலிருந்து வர ரெண்டு மாதம் எடுக்கும்," என்றார் விவேகானந்தன் கடைசியில். குரலில் கோபமில்லை, கணக்கைப் பிழையாகப் போட்ட பிள்ளைக்கு விளக்குவதுபோலப் பேசினார். "அடிச்சு நிமிர்த்தினன். முழுசா நிமிரேல்லை. பாரம் இருந்தால் சத்தமில்லை. வாடகைக் கார்தானே, எப்பவும் ஆக்கள் இருப்பினம், ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சன். முறியும் எண்டு சத்தியமாய் நினைக்கேல்லை, ராசா."

"பின்னுக்குப் பாரம் வேணுமெண்டால் ரெண்டு மூட்டை போட்டு ஓடியிருக்கலாமே. என்னை ஏன்ராப்பா கூப்பிட்டனி?"

"மூட்டை கையெழுத்து வைக்காது."

அவ்வளவு இலேசாக அதைச் சொன்னார். நவரட்ணராஜா ஒரு சக்கரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது, விவேகானந்தன் பார்த்தெழுதட்டும் என்று முழங்கையை விலக்கி வைப்பது அவருக்கு நினைவு வந்தது. இருபத்தைந்து வருடமாக அந்த முழங்கையை அவர் திரும்ப மடக்கவேயில்லை.

"ஒருத்தன் ரெண்டு காலும் முறிஞ்சு கிடக்கிறான். நாளைக்கு மறியலுக்குப் போகப் போறான். நீ தங்கமான மனுசன் எண்டு சொல்லுறான். நீ வந்து உண்மையைச் சொல்லு."

"நான் வரமாட்டன். நீயும் யோசி. உன்ர கடிதம் பிழை எண்டு நீயே எழுதினால், நாளையிலிருந்து உன்ர கடுதாசியை ஆர் மதிக்கப் போகினம்? உனக்குச் சோறு போடுறதே அந்தக் கையெழுத்துத்தான்." ஒரு அடி கிட்ட வந்தார். "உனக்காகத்தான் சொல்லுறன் மச்சான்."

"மச்சான் எண்டு சொல்லாதை," என்றார் நவரட்ணராஜா.

*

கராஜுக்கு எதிரே ஹுஸைன் ஹாஜியாரின் அரிசிக்கடை. மணி மூன்றரை. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால், நீதவானின் அலுவலகம் பூட்டுமுன் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடலாம்.

மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் முதலில் ஹாஜியார் ஏறினார். பிறகு பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு இழுத்து வரப்பட்ட மஹ்மூத். கடைசியாக நவரட்ணராஜா. பஹ்மி படிக்கற்களை எண்ணிச் சத்தமாக வாசித்தான். ஒரு பகிடியும் விடவில்லை. அது மூவருக்கும் தாங்க முடியாமல் இருந்தது.

"ஏதாச்சும் செல்லன்டா," என்றார் ஹாஜியார்.

"செல்ல வருதில்ல ஹாஜியார்."

நவரட்ணராஜா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே எழுதினார்.

"கனம் நீதவான் அவர்களுக்கு. பெப்ரவரி மூன்றாந் திகதிய என் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. அன்று சத்தம் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதை நான் கேட்கவில்லை. அது என் குற்றம். இருந்தவர்களையும் இடங்களையும் அன்று எழுதினேன். எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். பின் ஆசனம், இடப்புறம், ஹுஸைன் ஹாஜியார்: இருநூற்று நான்கு இறாத்தல். வலப்புறம், பேக்கரி மஹ்மூத்: நூற்றுத் தொண்ணூற்றாறு இறாத்தல். நடு, கையொப்பமிடும் நான்: இருநூற்றுப் பதினெட்டு இறாத்தல். ஆக அறுநூற்றுப் பதினெட்டு. இந்தப் பாரத்தின்கீழ் அடங்கிக் கிடந்த நோயையே டிரைவர் பழனியாண்டி, கராஜ் சொந்தக்காரர் தைத்துக் கொடுத்த இரண்டு மணல் மூட்டைகளின்கீழ் அறியாமல் கொண்டு திரிந்தார். மூட்டைகளைத் திறந்து பார்க்கவும். ஷாஃப்டின் மையைச் சுரண்டிப் பார்க்கவும். நாளை பத்து மணிக்கு நானும் மற்ற இருவரும் சாட்சி சொல்லச் சமுகமளிப்போம். என் முந்திய கடிதத்தை வாபஸ் பெறுகிறேன். கராஜ் சொந்தக்காரர் திரு. விவேகானந்தன்..."

பேனை அங்கே நின்றது. எப்போதும் "என் நண்பர்" என்று எழுதிப் பழகிய கை. மையைத் தொட்டுக்கொண்டு, "எனக்குப் பள்ளிக்கூட நாள் முதல் தெரிந்தவர்," என்று எழுதி முடித்தார். கையொப்பமிட்டார். ஹாஜியாரும் மஹ்மூதும் கீழே தங்கள் கையொப்பத்தை வைத்தார்கள்.

உறையை மடித்தார். ஹாஜியார் அரக்குக் குச்சியை விளக்கில் காட்டினார். சிவப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. நவரட்ணராஜா தன் முத்திரையை அதன்மேல் வைத்து, கையை எடுக்காமல் வெகுநேரம் அழுத்தினார்.

"ஆறிட்டுது ஐயா," என்றான் பஹ்மி.

கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவன் ஓடினான். கண்டிக்குப் போகும் பஸ் அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது. பின்படியில் தொற்றி ஏறினான். குடையைச் செருகும் இடத்தில் அடங்குகிற மனிதன். பஸ் அவனைப் பாரமாகவே எண்ணவில்லை.

நவரட்ணராஜா கடை வாசலில் நின்றார். பாலம் தாண்டி, வளைவு தாண்டி, கண்ணுக்கு மறைந்த பிறகும், அந்தப் பஸ்ஸின் ஒவ்வொரு ஆணியும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போவது அவருக்குக் கேட்டது.